சுடாத கால்

காலையில் மைசூர் ஹெப்பாள் பேருந்து நிறுத்தத்தில் தமிழ்ப்ரியாவைப் பார்ப்பவர்களுக்கு, அவள் யாரிடமோ வழி கேட்கப் போகிறவள் போலத் தெரிவாள். இரண்டு வருடமாக ஒரே பேருந்தில்தான் போகிறாள். ஆனாலும் வண்டி வந்து நின்றதும் பலகையை ஒருமுறை படித்துவிட்டு, ஏறும்போது கண்டக்டரிடம் ஆஸ்பத்திரி வழியாகத்தானே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். ஒருநாள் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னார், "தினம் நீ கேக்கறதக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுதும்மா."

நானும் அதே நிறுத்தத்தில் நிற்கிறவன். எங்கள் வரிசைக்கு எதிர்ச்சாரியில் அவர்கள் வீடு. ஷீட் போட்ட இரண்டு அறை. பின்னால் தொழிற்சாலையின் மதில். இங்கே எழுதுவது பாதி நான் பார்த்தது, பாதி பிறகு அவளே பேருந்துக்குக் காத்திருக்கும்போது விட்டுவிட்டுச் சொன்னது. சொல்லும்போதும் "அப்படித்தான்னு நெனைக்கறேன் அண்ணா" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் சேர்த்துக்கொள்வாள்.

அவள் அப்பா சேகரன் சென்ட்ரிங் வேலைக்காரர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகையும் முட்டும் அடித்து நிறுத்துகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பே கோபிநத்தத்திலிருந்து மைசூருக்கு வந்துவிட்டார். விஜயநகரில் அவர் பலகை அடித்த வீடுகள் ஒரு தெருவுக்கு இருக்கும். ஆனால் பெயின்ட் அடித்து, கேட் போட்டு, உள்ளே நாய் வந்த பிறகு எது தன் வீடு என்று அவருக்கு அடையாளம் தெரிவதில்லை. அம்மா அஞ்சலை கம்ப்யூட்டர் கம்பெனியில் கண்ணாடி துடைக்கிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தின் நடுவிலேயே எழுந்து வந்தவர்கள்.

மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சேகரன் தன் வேலைக்கூட்டத்தையே வெள்ளைச் சட்டை போடவைத்து அழைத்துப் போனார். அலுவலகத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுல பொண்ணுக்கு அப்பா யாரு?" என்று கேட்டாராம். வந்தவர்களில் யாருக்கும் என்ன கேட்கவேண்டும் என்று தெரியவில்லை. சேகரனின் கூட்டாளி உதயகுமார்தான் தைரியமாக ஒரு கேள்வி கேட்டார், "கேன்டீன்ல அரிசி சோறா, ராகியா சார்?"

உடன் படிக்கிற ஸ்வாதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் அம்மாவே நர்ஸ். எந்தக் கடையில் ஷூ வாங்கினால் கால் கடிக்காது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எந்தப் பக்கம் நிற்கவேண்டும், டியூட்டியில் ஏன் உட்காரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்து வந்தவை. தமிழ்ப்ரியா அவை ஒவ்வொன்றையும் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டாள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளிகள் கன்னடத்தில் முனகுவார்கள். வீட்டில் கேட்கிற கேள்விகள் தமிழில். மூன்றுக்கும் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

எங்கள் வரிசைக்காரர்கள் அவளை விடுவதாக இல்லை. பக்கத்து வீட்டுக் கமலம்மாள் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"ஏம்மணி, நீ படிக்கறது ஊசி போடறதுக்கா, மாத்தர எழுதறதுக்கா?"

"பாத்துக்கறதுக்குங்க அத்தை. நோயாளியப் பாத்துக்கறதுக்கு."

"அதுக்கு எதுக்கு நாலு வருசம்? உங்க மாமன நான் பாத்துக்கலயா?"

மாமன் அந்தப் பார்வையில் பிழைக்கவில்லை என்பதைத் தமிழ்ப்ரியாவால் சொல்ல முடியாது.

இரண்டாம் வருடத்தில் உடம்பைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பாடம் வந்தது. தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சைத் திரித்து நுனியால் வருடவேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்லவேண்டும். அதை அவள் வீட்டில் பழகினாள். அஞ்சலைக்குக் கால் கூசி, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, மகளை உதைத்தே விட்டார். அப்புறம் சேகரனின் முறை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். அவள் கட்டை விரலில் வருடினாள். உள்ளங்காலில், குதிகாலில் வருடினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா, தூங்கீட்டீங்களா?"

"இல்ல கண்ணு. நீ எப்ப ஆரம்பிப்பேன்னு பாத்துட்டு இருக்கறேன்."

அவள் ஊக்கின் மழுங்கிய பக்கத்தால் அழுத்தினாள். பிறகு கொஞ்சம் கூரான பக்கத்தால். கணுக்கால் வரை வந்த பிறகுதான் அவர் "ம்" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். மாத்திரையும் உண்டு, ஞாபகம் வந்தால் போடுவார். சர்க்கரை காலின் நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சேகரன் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார்.

எங்கள் மாரியம்மன் கோயில் பண்டிகையில் வருடா வருடம் குண்டம் உண்டு. நெருப்புக் குழியில் முதலில் இறங்குகிறவர் சேகரன். சில வருடமாகத் தனக்குச் சுடுவதே இல்லை, பூ மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது, அம்மன் தன் மேல் இரங்கிவிட்டாள் என்று அவர் சொல்லிவந்தார். சிலர் நம்பினார்கள், சிலர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இப்போது மகளே பரிசோதித்துவிட்டாள். மறுநாள் டீக்கடையில் உதயகுமார் எல்லாரிடமும் சொன்னார், "நர்ஸ் காலேஜ்லயே டெஸ்ட் பண்ணீட்டாங்கப்பா. பஞ்சு வெச்சாலும் தெரியல, ஊசி வெச்சாலும் தெரியல. சேகரன் கால்ல அம்மா ஒக்காந்திருக்கறா."

தமிழ்ப்ரியா சொன்ன வியாதி இப்படி ஊர் முழுக்க வரமாகப் பரவியது. அதைத் திருத்த எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பண்டிகைக்கு எட்டு நாள் முன்னால் காப்பு கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டுவது. குண்டம் இறங்குகிறவர்களும் பால்குடம் எடுக்கிறவர்களும் கட்டிக்கொள்வார்கள். மகளுக்கு நர்சிங் இடம் கிடைத்தால் அவள் பால்குடம் எடுப்பாள் என்று அஞ்சலை வேண்டியிருந்தார். போன வருடம் பரீட்சை வந்து தட்டிப்போனது. அதனால் இந்த வருடம் அந்த வீட்டில் இரண்டு காப்பு.

பூசாரி சென்னிமலை மற்ற நாட்களில் தொழிற்சாலையில் வாட்ச்மேன். காப்பு கட்டும்போது கேட்டில் ஆளை நிறுத்திக் கேட்கிற அதே குரலில்தான் பேசுவார்.

"கறி கூடாது, குடி கூடாது. சாவு வூட்டுக்குப் போகக்கூடாது. காப்பக் கழட்டக்கூடாது. ஒரு வூட்டுல ரெண்டு காப்புன்னா ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணும் அறுந்த மாதிரி. அப்பறம் அந்த வூட்டு ஆளு யாரும் குண்டத்துப் பக்கமே வரக்கூடாது. புரிஞ்சுதா அம்மணி?"

"புரிஞ்சுதுங்க."

"ஆஸ்பத்திரில பொணம் கிணம் தொடாத."

"தொட மாட்டேனுங்க" என்றாள். தொடச்சொன்னால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் வகுப்புக்கு ஆபரேஷன் தியேட்டரில் டியூட்டி போட்டிருந்தார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். குழாயடியில் வரிசையாக நின்றபோது ரூபா மேடம் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். பாடம் எடுப்பவரும் அவர்தான், தியேட்டருக்குக் கூட்டிப்போகிறவரும் அவர்தான். கன்னடத்தில்தான் பேசுவார்.

"கையில என்ன அது?"

"எங்க பண்டிகை மேடம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கழட்டக்கூடாது."

"உள்ளே படுத்திருக்கறவருக்கு உங்க பண்டிகை தெரியுமா?"

"நல்லா தேச்சுக் கழுவறேன் மேடம்."

"நூலைக் கழுவ முடியாது. ஈரம் உள்ளேயே நிக்கும், கிருமி அங்கேயே வளரும். பரீட்சையில இதைத்தானே எழுதினே? முழு மார்க் போட்டது நான்."

அது உண்மை. எழுதும்போது அவள் மனதில் யாரோ ஒருவருடைய கைதான் இருந்தது, தன் கை இல்லை.

"வேண்டாம்னா வெளிய நில்லு" என்றார் ரூபா மேடம். கோபமாக இல்லை. "இந்த டியூட்டியை அடுத்த வருசம் ஜூனியர்களோட செய்."

தமிழ்ப்ரியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நறுக்கியது ஸ்வாதி. அவளுக்கும் சாமுண்டி மலைக் கோயிலில் கட்டிய சிவப்பு நூல் ஒன்று இருந்தது. அதை முதலில் நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"நான் மாசத்துக்கு ரெண்டு கட் பண்றேன்ப்பா. சாமி ஒண்ணும் கோச்சுக்கல. அம்மா வேற கட்டி விட்ருவாங்க, ஆயித்து, அவ்வளவுதான்."

"எங்களுது அப்படி இல்ல."

"எப்படி?"

எப்படி என்று விளக்க நேரம் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அறுந்த நூலை அவள் தியேட்டர் உடுப்பின் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே படுத்திருந்தவர் பெயர் பசவராஜ், நரசிபுரம் பக்கத்து விவசாயி. குளிருக்குத் தீ மூட்டி, பக்கத்தில் காலை நீட்டியபடி தூங்கிப்போனவர். அவருக்கும் சர்க்கரை வியாதி, கால் வெந்தது தெரியவில்லை. செருப்பு ஒட்டிக்கொண்டு வராதபோதுதான் பார்த்திருக்கிறார். விரல்கள் கறுத்துவிட்டன. தமிழ்ப்ரியாவுக்குக் கொடுத்த வேலை ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதில் வெட்டிய விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார்கள். இவ்வளவு சின்ன ஒன்றுக்கு இத்தனை கனம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அந்தப் பாதத்தின் வெடிப்பையும், ஓரத்தில் சிமெண்ட் போல வெளுத்த தோலையும் பார்த்தால் அவள் வீட்டுச் சுவரோரம் நீண்டிருந்த அதே பாதம்தான்.

வெளியே பசவராஜின் மனைவி எழுந்து வந்தார். "அவருக்கு வலியே இல்லம்மா" என்றார் கன்னடத்தில். "வலி இல்லேன்னா ஒண்ணும் இல்லேன்னுதானே இருந்தோம்?"

அன்று அவள் பையில் போட்ட நூலை மறந்துவிட்டாள். ஞாபகம் வந்து ஓடியபோது, கழற்றிப்போட்ட பச்சை உடுப்பெல்லாம் மூட்டையாகக் கட்டிச் சலவைக்குப் போயிருந்தது. பிறகு அவளும் ஸ்வாதியும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கட்டுப் போடும் துணிச்சுருளிலிருந்து நூலை உருவித் திரித்தார்கள். கேன்டீன் சமையல்காரம்மாவிடம் மஞ்சள்தூள் வாங்கிக் குழைத்துத் தடவினார்கள். விரலி மஞ்சள் பேருந்து நிலையத்துக் கடையில் கிடைத்தது. தினமும் கழற்றி மாட்டவேண்டும் என்பதால் இழுத்தால் நெகிழ்கிற முடிச்சாகப் போட்டார்கள்.

"சூப்பரா இருக்கு. பழசவிட இதுதான் நல்லா இருக்கு" என்றாள் ஸ்வாதி.

மாலையில் காப்பு கட்டியவர்கள் எல்லாரும் கோயிலில் கை நீட்டவேண்டும். சென்னிமலை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் தண்ணீர் விடுவார். அவள் கையிலும் விட்டார். மருத்துவமனை நூல் மற்ற நூல்களைவிட வேகமாகக் குடித்தது. அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. அவள்தான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போது பூசாரியே தண்ணீர் விட்டுவிட்டார் என்றால் இது காப்பா, இல்லையா? காப்பு என்றால் நாளைக் காலை கழற்றக்கூடாது. இல்லை என்றால் அப்பாவின் காப்பும் அறுந்தாயிற்று. சாமி இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளும் என்று அவள் நம்புகிறாளா என்பதும் தெரியவில்லை. நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், நூல் அறுகிற வரைக்கும்.

ஆனால் பயம் நூலில் இல்லை, காலில் இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் இறங்குவார். சுடாது. சுடாததால் அவசரப்பட மாட்டார், மற்றவர்கள் ஓடுகிற இடத்தில் அவர் நடப்பார். அதுதான் அவருக்குப் பெருமை.

மறுநாள் ரூபா மேடத்திடம் அப்பா குண்டம் இறங்கப்போவதைச் சொன்னாள். மேடத்துக்கு அதில் குழப்பமே இல்லை.

"நடக்க விடாதே. அவ்வளவுதான்."

"கேக்க மாட்டார் மேடம்."

"நீ யாரு அங்க?"

"பொண்ணு மேடம்."

"நான் அதைக் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவர் வார்டுக்குள் போய்விட்டார்.

அன்று பசவராஜின் கதையைச் சேகரனிடம் முழுதாகச் சொன்னாள். தட்டில் வைத்ததையும் சொன்னாள். சேகரன் கவனமாகக் கேட்டார்.

"பாவம். அவரு காப்பு கட்டீருந்தாரா?"

"இல்லீங்கப்பா."

"அப்பறம்?" என்றார்.

அந்தக் கேள்விதான் அவளுக்கு வழியைக் காட்டியது, வழி என்று அதைச் சொல்லலாமென்றால். நரம்பு, சர்க்கரை, கிருமி எதுவும் அப்பாவை நிறுத்தாது. அறுந்த காப்பு நிறுத்தும். உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் அந்த உண்மையை எதற்காகச் சொல்கிறோம் என்று நினைக்கும்போது அது ஒரு பொய் போல இருந்தது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அம்மாவிடம் சொன்னாள். அஞ்சலை துணி பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாருகிட்டயாவது சொன்னயா?"

"இல்லீங்கம்மா."

"சொல்லாத."

"அப்பா காலு..."

"நாளைக்கு எவ வூட்டுல காய்ச்சல் வந்தாலும், எவன் சாரத்துல இருந்து உளுந்தாலும், அஞ்சல மவ காப்ப அறுத்தா, அதனாலதான்னு சொல்லுவானுவ. உன்னய நர்சுக்கு அனுப்பும்போதே மூஞ்சியத் திருப்புனவங்க இருக்கறாங்க. வாய மூடீட்டு நாளைக்குக் கொடத்த எடு."

புடவையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கட்டீருக்கற" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாலுமே காலு போயிருமா?" என்று கேட்டார்.

"போகலாம். போகாமயும் இருக்கலாம். புண்ணாகி, ஆறலன்னா..."

"ரெண்டு வருசமா படிக்கற. போகுமா போகாதான்னு தெரியல உனக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேகரன் பம்ப் செட்டில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். விரத நாட்களில் அவர் முகம் கொஞ்சம் வற்றி, பார்க்க இளமையாகிவிடும். அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அப்பா, என்ற காப்ப அறுத்துட்டாங்க. இது நான் கட்டுனது."

அவர் அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

"எப்ப?"

"புதன்கெழம. ஆஸ்பத்திரில. அதோட உள்ள விட மாட்டேன்னாங்க."

"அன்னைக்கே சொல்லறதுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சு."

"இன்னைக்கு ஏன் சொல்ற?"

"நீங்க எறங்கக்கூடாதுங்கப்பா."

வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே கேட்டார், "காப்பு அறுந்ததனாலயா, என்ற காலுக்காகவா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் நான்கு நாளாகப் படித்திருந்தாள். எத்தனையோ பதில் தயாராக இருந்தது.

"தெரியலீங்கப்பா."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

குண்டத்துக்கு விறகு அடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அங்கே நடந்ததை நானே கேட்டேன். சென்னிமலை குழியின் ஓரத்தில் நின்று விறகை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். சேகரன் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"இந்த வருசம் நான் எறங்கல."

"என்னப்பா, ஒடம்புக்கா?"

"விரதம் தப்பிப்போச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதத் தின்ன?"

"தின்னல. குடிச்சேன்."

விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். உதயகுமார் பக்கத்தில் வந்து மோந்துகூடப் பார்த்தார். "எந்தக் கடையில மாப்ள? எட்டு நாளும் உன்ற கூடயேதான் கெடந்தேன். எனக்குத் தெரியாம எந்தக் கடை?" என்றார். சென்னிமலை வெகுநேரம் சேகரனையே பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த காப்பை அரிவாள் முனையால் அறுத்து எடுத்தார். "வூட்டுல அந்தப் புள்ளயோடதும் ஒண்ணுதான். குடம் எடுக்க வேண்டாம்னு சொல்லீரு" என்றார். உதயகுமாரைப் பார்த்து, "நீதான் முன்னால" என்றார்.

மாலையில் மேளம் ஆரம்பித்ததும் எல்லாரும் மதிலோரக் குண்டத்தைச் சுற்றிக் கூடினார்கள். சேகரன் குடும்பம் கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நின்றது. பேச்சு அதற்குள் பரவிவிட்டது. கமலம்மாள் அவர்களுக்குக் கேட்கிற தூரத்தில் நின்றே சொன்னார், "பொம்பளப் புள்ளய நர்சுக்குப் படிக்க வெச்சுட்டு இந்த வயசுல குடி கேக்குது. அந்த அஞ்சலையும்தான் என்ன பண்ணுவா."

அஞ்சலை ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷன் குடித்தானா இல்லையா என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மகளைக் காப்பாற்ற வாயை மூடு என்று சொன்னவரும் அவர்தான். இப்போது மூடிக்கொண்டிருப்பது யாரைக் காப்பாற்றுகிறது என்று அவருக்கே தெளிவாக இருந்திருக்காது.

தமிழ்ப்ரியா திரும்பினாள். "அத்தை, அப்பா குடிக்க..."

"சும்மா இரு கண்ணு" என்றார் சேகரன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

அவர் நம்பியது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. காப்பு அறுந்துவிட்டது என்பதையா, கால் கெட்டுவிட்டது என்பதையா? இரண்டையும் நம்பாமல், மகள் கேட்டாள் என்பதற்காக மட்டுமா? கேட்டுவிடலாம். கேட்டு, அவர் மறுபடியும் தெரியலை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

உதயகுமார் இறங்கினார். முதல் இரண்டு அடி மெதுவாக, சேகரன் வைக்கிற மாதிரியே வைத்தார். மூன்றாவதில் அவர் முகம் கோணிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஓடி, குழியின் கடைசியில் பால் ஊற்றி வைத்திருந்த சின்னப் பள்ளத்தில் இரண்டு காலையும் வைத்தார். அங்கே ஒரு நொடி கண்ணை மூடி நின்றார். அப்படியே கோயிலுக்குள் போனார். அடுத்து வந்தவருக்கு வாய் பிளந்தது. அதற்கடுத்து கைக்குழந்தையோடு வந்த ராணி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். ஒவ்வொருவரும் பாலில் கால் வைத்ததும் தோள் தளர்ந்து ஒரு மூச்சு விட்டார்கள்.

முதலில் இறங்குகிறவர் நேராகக் கர்ப்பக்கிரகத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடவேண்டும், கடைசி ஆள் வருகிற வரை எழக்கூடாது. அதனால் இத்தனை வருடமும் மற்றவர்கள் நெருப்பில் நடப்பதைச் சேகரன் பார்த்ததே இல்லை. இன்றுதான் பார்க்கிறார். அவர் கால்களைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் சுடுது" என்றார்.

"சுடும்ங்கப்பா."

"சுட்டுட்டேதான் போறாங்க."

இன்னொருவர் ஓடினார். இன்னொருவர். மேளக்காரர்கள் தாளத்தை மாற்றினார்கள்.

"எனக்கும் சுட்டுச்சு, மொதல்ல எல்லாம்" என்றார் சேகரன். மகளிடம் சொல்கிறாரா, தனக்குள் சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரல். "உங்கம்மாவக் கட்டுன புதுசுல. அந்தப் பால்ல காலை வெச்சா ஜில்லுனு ஏறும், தலை வரைக்கும். உசுரு திரும்பி வர்ற மாதிரி. அதுக்காகவே நடக்கலாம்னு இருக்கும்."

பால் பள்ளத்தில் ஒரு பெண் கால் வைத்துக் கண்ணை மூடினாள்.

"அதுவும் இப்பத் தெரியறதில்ல" என்றார். "நெருப்பு சுடலன்னா சரி, அம்மா பாத்துக்கறா. பாலு ஏன் ஜில்லுனு இல்ல?"

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். தமிழ்ப்ரியாவுக்கு இதற்குப் பதில் தெரியும். சூட்டைச் சொல்கிற நரம்பும் குளிர்ச்சியைச் சொல்கிற நரம்பும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஒன்று போனால் இன்னொன்றும் போகும். புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. ஆனால் அப்பா கேட்டது அதைத்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சேகரன் நெருப்பிலிருந்து கண்ணை எடுத்து, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.